இருட்டில் வெளுத்த நீலத் தண்ணீர்

வெயிலே படாமல், கறுப்புக் காகிதம் சுற்றி அலமாரிக்குள் பூட்டி வைத்த நீலச் சாயத் தண்ணீர் எப்படி வெளுக்கும்? அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் பேய் வேலை என்றுதான் சொல்லியிருப்பேன். ரூபீனாவுக்கு அப்படிச் சொல்லித் தப்பிக்க வழியில்லை.

அவள் அடையாறில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி மாணவி. சிந்தாதிரிப்பேட்டையில் துணிக்குச் சாயம் போடும் அப்துல் கய்யூமின் மகள். அத்தாவின் பட்டறைத் தண்ணீர் ஒரு நாள் சிவப்பாகவும் மறுநாள் பச்சையாகவும் கூவத்துக்கு ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவள். அந்தத் தண்ணீரில் ஒரு வெள்ளைத் தூளைக் கலந்து வெயிலில் வைத்தால் சாயம் சிதைந்துவிடும் என்று நிரூபிக்கத்தான் இத்தனை பாடு.

துறை வாசலில் ஒரு பலகை உண்டு. யாருக்கு எதில் ஆராய்ச்சி என்று பெயின்டில் எழுதியிருக்கும். தோழி மதுவந்தியின் பெயருக்கு எதிரே ‘பேட்டரி’. ரூபீனாவின் ‘சாயக்கழிவும் சூரிய ஒளியும்’ மட்டும் சாக்பீஸில். சனிக்கிழமை பேராசிரியர்கள் கூடிப் பார்த்துச் சரி என்றால் பெயின்ட். இல்லையென்றால் ஈரத்துணி.

வெள்ளிக்கிழமை காலையில் குடுவைகளைப் பார்த்தாள். முந்தின நாள் வெயிலில் வைத்தது வெளுத்திருந்தது. இருட்டில் வைத்ததும் வெளுத்திருந்தது! வெயிலே தேவையில்லை என்றால் ஆராய்ச்சியும் தேவையில்லை.

“ஏண்டி, எங்காத்து வேஷ்டிகூட இவ்ளோ வெளுப்பா இல்லையே!” என்றாள் மதுவந்தி.

ரூபீனாவுக்கு அழுகை முட்டியது. குடுவையைத் தூக்கினாள். குப்பென்று ஒரு நெடி. அத்தா பட்டறை நெடி! சாயம் ஏற்றுமுன் துணியை வெளுக்கப் போடும் பிளீச்சிங் பவுடர்.

“வேலண்ணே! நான் சாயம் கரைச்ச டிஸ்டில்டு வாட்டர் ஜாடில என்ன ஊத்துனீங்க?”

ஆய்வக உதவியாளர் வேலு தலையைச் சொறிந்தார். “கொழாய்ல தண்ணி வர்ல, மிஷினு காஞ்சி கீது. நீ வேற பதறிக்கினு இருந்தியா, லாரித் தண்ணிய ரொப்பி வெச்சேன். கண்ணாடி மாரி கீதே, அது தண்ணியில்லயா?”

அது தொண்ணூற்று மூன்றின் கோடை. லாரித் தண்ணீரில் குளித்தாலே கண் எரியும், அவ்வளவு பிளீச்சிங் பவுடர். ரூபீனா சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை.

“சிரிச்சது போறும். சுத்தமான தண்ணிக்கு எங்கடி போறது?”

“என்னைக் கேக்குறியா? பேட்டரிக்காரி நீ! பேட்டரில என்ன ஊத்துவாங்க?”

இருவரும் தெரு மூலையிலிருந்த மெஹபூப் அலியின் பேட்டரிக் கடைக்கு ஓடினார்கள். செருப்பு ஒன்று வழியிலேயே நின்றுவிட்டது.

“டிஸ்டில்டு வாட்டரா? எந்தக் காருக்கும்மா?”

“காருக்கில்ல பாய், கூவத்துக்கு!”

“அதுக்கு பேட்டரி போட்டா ஓடுமா?” என்று கேட்டுக்கொண்டே அவர் இரண்டு கேன் எடுத்துக் கொடுத்தார்.

பகல் பதினொன்றுக்குப் புதிய குடுவைகள் தயார். ஒன்று மொட்டைமாடிக்கு, ஒன்று அலமாரிக்கு. மூன்று மணிக்குப் பார்த்தால் மாடியில் வைத்தது நிறமே இல்லாத வெறும் தண்ணீராக இருந்தது. அலமாரியில் இருந்தது பேனா மை போல அப்படியே நீலம்! சுடும் தரையில் ரூபீனாவும் மதுவந்தியும் குதித்தார்கள். வேலு பக்கெட்டில் தாளம் போட்டார்.

சனிக்கிழமை ரூபீனா பிளீச்சிங் பவுடர் கதையையும் ஒளிக்காமல் சொன்னாள். பேராசிரியர் சந்திரமௌலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். “கெட்டுப்போன அந்தச் சோதனையையும் சேர்த்தே எழுதும்மா. வேலு, பெயின்ட் எங்கய்யா?”

பலகையில் எழுதியது வேலுதான். மற்றவர்கள் வரியைவிட இரண்டு விரல் பெரிதாக.

லாரித் தண்ணீரோடு மல்லுக்கட்டும் ஆராய்ச்சிப் பிள்ளை யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? இன்றைக்கே அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். அழுவதற்கு முன்னால் ஜாடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கட்டும்.