நைனாவோட லெந்து உபவாசமும் என் சப்ளி பரீட்சையும்

மெடிக்கல் சர்ஜிகல் நர்சிங்குல நான் பெயிலான விஷயம் சித்தூர்ல எங்க சபைக்குத் தெரிஞ்ச மாதிரி எனக்கே தெரியாது. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சி வெளிய வந்தா, குனிஞ்சி செருப்பு தேடிக்கினு இருக்கறவங்க கூட தலையத் தூக்கி "சப்ளி எப்போம்மா"ன்னு கேப்பாங்க. பெயிலானவங்க மறுபடி எழுதற அந்த சப்ளியில பாஸாயிட்டேன், அத முதல்லயே சொல்லிடறேன். அதப் பத்தி யாரும் கவலப்பட வேணாம். கவலப்பட வேண்டியது வேற ஒண்ணு நடந்துது.

திருப்பதி ஹாஸ்டல்ல என் கூட ரூம்ல இருந்தவ கோயில் கைங்கர்யம் பண்ற ஐயங்கார் வீட்டுப் பொண்ணு. அவளும் பெயில். அந்த ஒரு விஷயத்துல எங்களுக்குள்ள மத பேதமே கிடையாது. ரெண்டு பேருக்கும் புத்தகம் மண்டையில ஏறாது, ஆளுங்களப் பத்தின வம்பு மட்டும் ஒரு எழுத்து மறக்காது. அதனால ஒவ்வொரு பாடத்துக்கும் தெரிஞ்ச ஒரு ஆள அடையாளமா வெச்சிப் படிச்சோம். யாரு என்னான்னு கேக்காம எல்லாரையும் தொரத்தற பொறவி எதிர்ப்பு சக்தி எங்க கேட் வாட்ச்மேன். ஒரு தடவ தப்பு பண்ணவன் மூஞ்சிய ஞாபகம் வெச்சிக்கினு அடுத்த தடவ பாத்தவொடனே அடிக்கற எதிர்ப்பு சக்தி எங்க வார்டன். உடம்பு தன்னையே எதிரின்னு நெனச்சித் தாக்கற நோய்க்கு எங்க சபை கமிட்டியக் குடுத்தேன். ஸ்டீராய்டு மாத்திரையத் திடீர்னு நிறுத்தக் கூடாதுங்கறதுக்கு ஒரு நாள் விட்டாலும் படுத்துடற அவ பெரியப்பாவோட மூக்குப்பொடியக் குடுத்தா. வயித்துப் புண்ணுக்கு மட்டும்தான் ஆள் கெடைக்கல.

ஈஸ்டருக்கு முன்னாடி உபவாசம் இருக்கற லெந்து நாளுங்க நடுவுல ஸ்டடி லீவு விட்டாங்க, வீட்டுக்கு வந்தேன். வைவாவுல, அதான் வாய்மொழிப் பரீட்சையில, நோயாளிகிட்ட கேள்வி கேட்டுக் காட்டணும். பழகறதுக்கு ஒரு நோயாளி வேணுமேன்னு எங்க நைனாவ நாற்காலியில உக்கார வெச்சேன். பஸ் டிப்போவுல மெக்கானிக்கா இருந்து ரிடையர் ஆனவரு, நக்கல் புடிச்ச மனுஷன்.

வயிறு எங்க வலிக்கிதுன்னு கேட்டேன். தொப்புளுக்கு மேல வெரல வெச்சாரு. எப்போன்னேன். காலி வயித்துல எரியுது, ஏதாவது துன்னா அடங்கிப் போவுதுன்னாரு. வெளிக்கி எப்படிப் போவுதுன்னேன். தாரு மாதிரி கறுப்பா, பிசுபிசுன்னு போவுதுன்னாரு. வயித்துப் புண்ணுல ரத்தம் கசியறதுக்கு புத்தகத்துல போட்ட அதே அறிகுறிங்க. நான் இல்லாதப்போ என் புத்தகத்தப் படிச்சிட்டு என்னையே ஓட்டறாருன்னு கையத் தட்டி சிரிச்சேன். சிரிச்சி முடிச்ச பெறகுதான் ஒறைச்சிது. புத்தகம் இங்கிலீஷ். நைனா படிச்சது தெலுங்கு மீடியம், எட்டாவது வரைக்கும்.

"நைனா, நெஜமாவா சொல்ற?"

"நீ கேட்ட, நான் சொன்னேன்."

அவரு சட்டப் பாக்கெட்டுல கைய விட்டேன். மூட்டு வலி மாத்திரை அட்டை, மெடிக்கல் ஷாப்புல அவரே கேட்டு வாங்கினது. காத்தால கறுங்காப்பியோட போடறாராம். என்ன துன்னுட்டுப் போடறன்னு கேட்டா, லெந்து உபவாசம், சாயங்காலம் வரைக்கும் எதுவும் துன்றதில்லன்றாரு. காப்பியும் மாத்திரையும் சாப்பாட்டுல சேராதாம். சபையில எல்லாரும் வெள்ளிக்கிழமைதான் உபவாசம் இருப்பாங்க, இவரு தெனமும்.

அம்மா சமையல்கட்டுல இருந்து வந்து மீதியப் போட்டு ஒடச்சாங்க. நான் பாஸாவணும்னு நைனா ஆண்டவர்கிட்ட வேண்டிக்கின பொருத்தனையாம், அதுக்குத்தான் தெனமும் உபவாசம். விடியறதுக்கு முன்னாடி சிமெண்டுத் தரையில முட்டி போட்டு ஜெபம். அதனால முட்டி வலி. முட்டி வலிக்கி மாத்திரை. மாத்திரையால வயித்துல புண்ணு. வயித்துப் பாடத்துல பெயிலானவளுக்கோசரம் வயித்தப் புண்ணாக்கிக்கினு உக்காந்திருக்காரு மனுஷன். எனக்குக் கோவமும் அழுகையும் ஒண்ணா வந்துது, அழுதுக்கினே திட்டினேன்.

அன்னைக்கே ஒரு காரு புடிச்சி திருப்பதி ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போனோம். வாய் வழியா டியூப்பு விட்டுப் பாத்தாங்க. புண்ணுதான், ரத்தம் கசிஞ்சிக்கினு இருந்துது. நல்லவேளை, சீக்கிரம் நின்னுடுச்சி. வலி மாத்திரையத் தொடவே கூடாது, காத்தால மொதல்ல ஆசிட் கொறைக்கற மாத்திரை, அப்புறம் டிபன், கிருமிக்கி ஆன்டிபயாடிக், வேளைக்கி ஒழுங்கா துன்னணும், இல்லன்னா மறுபடி கசியும், அடுத்த தடவ இப்படி சுளுவா நிக்காதுன்னு டாக்டர் சொன்னாரு. நைனா நல்ல புள்ளயாட்டம் தலைய ஆட்டினாரு. அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும்.

வார்டுக்குப் பாக்க வந்த என் ரூம்மேட் அவளால ஆனத செஞ்சி பாத்தா. எங்காத்துல ஏகாதசின்னா சாதம்தான் கூடாது மாமா, ரவா உப்புமா பண்ணி வயிறு முட்ட சாப்ட்டுட்டே உபவாசம் இருப்போம்னா. உங்க சாமி நல்ல சாமிம்மான்னு நைனா சிரிச்சாரு. மனசு மட்டும் மாறல.

வீட்டுக்கு வந்த மறுநாள் காத்தால அம்மா இட்லி வெச்சாங்க. மாத்திரைய முழுங்கிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சி தட்ட அந்தாண்ட தள்ளினாரு.

"பொருத்தனைய முறிச்சா உன் பரீட்சைக்கி ஆவாதும்மா."

கெஞ்சிப் பாத்தேன். டாக்டர் சொன்னத திருப்பிச் சொன்னேன். அசையல. சரி, இது வேலைக்கி ஆவாதுன்னு உள்ள போயி ஹால் டிக்கெட்ட எடுத்தாந்து இட்லித் தட்டு பக்கத்துல வெச்சேன். நீ துன்னலன்னா இத இங்கயே கிழிச்சிப் போடறேன், பரீட்சைக்கே போவ மாட்டேன், அப்புறம் எதுக்குப் பொருத்தனைன்னு கேட்டேன்.

"என்னையே மெரட்றியா?"

"ஆமா."

பொறுமையா என் மூஞ்சியப் பாத்தாரு. நான் கிழிக்கற ஆள்தான்னு அவருக்குத் தெரியும், அவரு பெத்ததுதான. தட்ட கிட்ட இழுத்துக்கினு கண்ண மூடினாரு. நானும் அம்மாவும் கண்ண மூடினோம்.

"ஆண்டவரே, நான் துன்னா இவ பெயிலாவா, துன்னலன்னா பரீட்சைக்கே போவ மாட்டாளாம். எனக்கு வேற வழி தெரியல. இவ பாஸாவலன்னாலும் பரவால்ல. இவ கூட இன்னும் கொஞ்ச நாளு நான் இருந்தா போதும்."

அம்மா மூக்க உறிஞ்சினாங்க. நான் ஆமென் சொல்றதுக்கு வாயத் தொறந்தவ, ஒரு கண்ண மட்டும் தொறந்தேன்.

"நைனா, அந்தப் பாஸாவலன்னாலும் பரவால்லன்றத மட்டும் வாபஸ் வாங்கிக்கோ."

கண்ணத் தொறக்காமயே, "அதயும் கேட்டுக்கோ ஆண்டவரே, ரெண்டுமே வேணுமாம்"னு சொல்லிட்டு இட்லியப் பிட்டாரு.