இப்பவே வருதாம், அங்கிள்!

சுற்றுலா வேலையில் கடலைக் காட்டுவது சுலபம். சாப்பாட்டைக் காட்டுவதற்குள்தான் தாவு தீர்ந்துவிடும்.

பத்துப் பேரைப் பின்னால் விட்டுக்கொண்டு ஹோட்டல் தேடி அலைந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? அப்படியென்றால் நீங்கள் நம்ம ஆள், வாங்க. நான் இருப்பது மெல்பனில், டார்னெய்ட்டில். தமிழ்க் குடும்பங்களை மெக்சிகோவில் ஒரு கடற்கரை ஊருக்கு அழைத்துப் போவது என் வேலை. எங்கள் மேனேஜர் விளம்பரத்தில் ஒரு வரி போட்டு வைத்திருக்கிறார்: 'உள்ளூர்க்காரர் சாப்பிடும் இடத்தில், உள்ளூர் விலையில்.' எழுதியவர் ஆபீஸ் ஏசியில் இருக்கிறார். வெயிலில் தேடுகிறவள் நான்.

இந்த முறை மெல்பனின் இன்னொரு மூலையான கிரெய்கிபர்னிலிருந்து தர்மா அங்கிளும் ராணி அன்ரியும் வந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள். அங்கிளுக்குச் சர்க்கரை வியாதி. விமான நிலையத்திலேயே அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டார்: "பிள்ளை, இவர் ஊசி போட்டா கால் மணித்தியாலத்துக்குள்ள சாப்பிடவேணும். பிந்தினா மயங்கிப் போவார். அது உங்கட பொறுப்பு."

கடலைப் பார்த்த மேசை

முதல் நாள் கடற்கரையை ஒட்டிய கடைக்கே கூட்டிப் போனேன். இங்கிலீஷில் மெனு, ஒவ்வொரு ஐட்டத்துக்கும் பளபளவென்று போட்டோ. இது டூரிஸ்ட் கடை என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பில்லைப் பார்த்து எல்லோர் முகமும் தொங்கிப்போனது. ருசியாவது இருந்ததா என்றால், அதுவும் இல்லை.

எங்கள் ஏரியாக்காரர் குமார், ஐடி ஆள், தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு எல்லோர் முன்னாலும் கேட்டார்: "ஒரு நாள் முழுக்கப் பறந்து வந்து இதையா சாப்பிடணும்? இது எங்க வீட்டுப் பக்கத்து ஷாப்பிங் சென்டர்லயே கிடைக்குதே!"

சீ, சீ

மறுநாள் வேறு கடை, கொஞ்சம் உள்ளே தள்ளி. அங்கிள் ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். தட்டு வந்ததும், இதில் மாட்டிறைச்சி இல்லையே, கோழிதானே என்று சர்வரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே "சீ, சீ" என்று தலையாட்டினார். அவ்வளவுதான்! அன்ரி வெடுக்கென்று தட்டை இழுத்துக்கொண்டார். "ஐயோ, போடாதேங்கோ! அவனே அருவருக்கிறான்!"

எனக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, அங்கிள் இன்னும் குத்தவில்லை. ஸ்பானிஷில் 'சீ' என்றால் ஆமாம் என்று அர்த்தம், அது கோழிதான் என்று நான் மூன்று தடவை சொன்ன பிறகுதான் தட்டு திரும்பி வந்தது. அப்போதும் அன்ரிக்குக் கோபம் தீரவில்லை: "ஓம் எண்டு சொல்ல இவனுக்கு வாயில்லையோ?"

அஹோரீத்தா

மூன்றாம் நாள் புத்தி வந்தது. எங்கே சாப்பிடுவீர்கள் என்று ஒரு டாக்சி டிரைவரிடம் கேட்டேன். கடலுக்கு முதுகைக் காட்டி நாலு தெரு தள்ளி வழி சொன்னார். உச்சி வெயிலில் எல்லோரையும் நடக்க வைத்தேன். பிளாஸ்டிக் நாற்காலி, மெனுவே கிடையாது, உள்ளே டிரைவர்கள் கூட்டம். அப்பாடா, கண்டுபிடித்துவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை. சாப்பாடு எப்போது வரும் என்று சர்வர் பையனிடம் கேட்டேன். "அஹோரீத்தா" என்றான். போனில் தட்டிப் பார்த்தேன். 'இப்போதே' என்று வந்தது.

"இப்பவே வருதாம், அங்கிள்!" என்றேன். அவர் சட்டையைத் தூக்கி வயிற்றில் குத்திக்கொண்டார்.

பத்து நிமிடம் போனது. இருபதும் போனது. சர்வரைக் காணவில்லை, தெருவில் யாரோடோ பேசப் போய்விட்டான் போலிருக்கிறது. அங்கிளின் சட்டை வியர்வையில் ஒட்டியது, விரல்கள் உதறின. அன்ரி டாஃபி தேடினார். டாஃபி இருந்த பை நாங்கள் தங்கியிருந்த ரூமில். என் பையைக் கொட்டினேன், சர்க்கரை இல்லாத சூயிங்கம் மட்டும் விழுந்தது. என் பேச்சைக் கேட்டுத்தானே அந்த மனுஷன் ஊசி போட்டார்! அங்கிள் மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "ராணி, எனக்குக் கண் இருட்டுது."

குசினி

அன்ரி எழுந்தார். ஸ்பானிஷ் ஒரு சொல் தெரியாது. "குசினி எங்கை? குசினி!" என்று கடை அதிரக் கத்தினார். பக்கத்து மேசை டிரைவர் "கொசீனா?" என்று திரைச்சீலைப் பக்கம் கையைக் காட்டினார். சமையலறைக்கு அவர்கள் சொல்லும் வார்த்தையும் கிட்டத்தட்ட அதேதான்! ஸ்பானிஷ் ஆப் வைத்திருந்த நான் மரம் மாதிரி நிற்க, அன்ரி திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் பின்னால் ஓடினேன். அடுப்படியில் குண்டாக ஒரு அம்மா. அன்ரி வயிற்றில் ஊசி குத்துவது மாதிரியும் தலை சாய்வது மாதிரியும் காட்டினார். அந்த அம்மா முகம் மாறியது. ஐஸ் பெட்டியிலிருந்து கோலா பாட்டிலை உருவி, கரண்டியைப் போட்டுவிட்டு அவரே வெளியே ஓடிவந்தார். அங்கிள் பாதி குடித்தார். மீதியை அன்ரி அவர் வாயில் வைத்துக் குடிக்க வைத்தார். பின்னாலேயே சுடச்சுட ரொட்டியும் அவித்த பீன்ஸும் வந்தன. கொஞ்ச நேரத்தில் அங்கிள் நிமிர்ந்து, இன்னும் ஒரு ரொட்டி கேட்டார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்த அந்த டிரைவரிடம், அஹோரீத்தா என்றால் இப்போதே இல்லையா என்று கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். இப்போதாகவும் இருக்கலாம், சாயங்காலமாகவும் இருக்கலாமாம். நான் அன்ரியிடம் மன்னிப்புக் கேட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அங்கிளின் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எங்கட ஆக்கள் வீட்டில குளிச்சுக்கொண்டு 'இந்தா வாறன்' எண்டு போனில சொல்லுறவை. அது தெரிஞ்ச உமக்கு இது விளங்கேல்லையோ, பிள்ளை?"

பலகை

கிளம்பும்போது அன்ரி வாசலிலேயே நின்றுவிட்டார். மேலே கையால் எழுதிய பலகையை இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தார்: கொசீனா எகொனோமிகா. சிக்கனச் சமையலறை! அப்புறம் பார்த்தால் அதே பலகை தெருவுக்குத் தெரு இருக்கிறது. மிச்ச நாள் முழுக்க அதைப் பார்த்துப் பார்த்தே நுழைந்தோம். குமார்கூட இரண்டாம் தட்டு வாங்கினார்.

அன்ரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "குசினி எண்டு கொட்டை எழுத்தில எழுதி வச்சிருக்கு. நீர் மூண்டு நாளா றெஸ்ரோரண்ட் தேடியிருக்கிறீர்!"

இப்போதெல்லாம் என் குழுவில் தட்டு மேசைக்கு வந்து, அதில் கை வைத்த பிறகுதான் ஊசி. எந்த நாட்டுக்காரர் 'இப்பவே' என்றாலும் நம்பாதீர்கள், அதைச் சொல்வது நானாக இருந்தாலும்.