வெள்ளாவியில் வெந்த பொத்தான்

பாலில் பொத்தான் செய்கிற தொழிலில் முதலில் போவது மூக்கு, அப்புறம் மானம். ரசாயனக் கொட்டகையில் கண் எரிய எரியச் சம்பளம் வாங்கிய அண்ணன்மாரே, உங்களுக்குத்தான் இது புரியும். உலகச் சண்டைக் காலத்தில் சீமைப் பொத்தான் வருவது நின்றுபோக, மதுரைச் செல்லூரில் சட்டை தைத்து விற்ற சௌராஷ்டிர முதலாளி ஒருவர், ரசாயனம் படித்த என்னைப் பிடித்து ஒரு தகரக் கொட்டகையில் உட்காரவைத்தார். பாலைத் திரித்துப் பிழிந்து, காயவைத்து, அழுத்தித் தகடாக்கி, ஃபார்மலின் மருந்தில் ஊறப்போட்டால் மாட்டுக்கொம்பு மாதிரி இறுகிவிடும். "ஒரு சட்டை திரும்பி வந்தாலும் கொட்டகையப் பூட்டிருவேன், தம்பி" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கோ வேறு வேலை தர ஊரில் ஆளில்லை.

பேச்சியக்கா உள்ளே வந்துவிட்டார்

சமயநல்லூர் பேச்சியக்காதான் வெண்ணெய் எடுத்த பாலைக் கொண்டுவந்து ஊற்றுவார். நான் பலகாரக் கடைக்கு ஏதோ கிண்டுகிறேன் என்று அவருக்கு எண்ணம். ஒருநாள் உள்ளே வந்துவிட்டார். "இதென்ன தம்பி, கண்ணு இப்புடிக் கரிக்குது?" என்றார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "பெரியாஸ்பத்திரியில பொணம் கெடாம இருக்க ஊத்துவாகளே, அந்த மருந்துக்கா" என்றேன்.

அவ்வளவுதான்! குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார். பால் நின்றால் என் வேலையும் நின்றது. ஓடிப்போய் ஒரு பொத்தானைக் கையில் கொடுத்து, யாரும் தின்கிற பண்டமில்லை என்று கெஞ்சினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடப்பாவி, எங்க எருமை குடுத்த பாலையா இந்தக் கதிக்கு ஆளாக்குன!" என்று திட்டிக்கொண்டே குடத்தை இறக்கினார்.

உள்ளே என்ன இருக்கு?

மருந்து தகட்டின் இரண்டு பக்கமும் இறங்கும். உள்ளே போகப் போக வேகம் குறையும். எத்தனை நாளில் நடுவுக்குப் போய்ச் சேரும் என்று கணக்குப் போடுவதுதான் என் ஆராய்ச்சி. தடிமன் இரண்டு மடங்கானால் நாள் நாலு மடங்காகும். கோட்டுப் பொத்தானுக்குத் தடித்த தகடு கேட்ட முதலாளியிடம் இதைச் சொன்னால், "யார்ட்ட கணக்குக் காட்டுற? ரெண்டுக்கு ரெண்டுதானே!" என்று சிரிக்கிறார். நான் இன்னும் பால் விசாரிக்க உசிலம்பட்டிச் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, இரண்டு மடங்கு நாளிலேயே தடித்த தகடுகளை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டார்.

திரும்பி வந்தால் தெருமுனை வரைக்கும் நாற்றம். துளை போட்டுக்கொண்டிருந்த கடைசல்காரன் சுருளி, எல்லாத்தையும் கீழே போட்டுவிட்டு அலறினான்: "அண்ணே, பொத்தானுக்குள்ள இன்னும் தயிரு இருக்குண்ணே!"

வெள்ளாவி

நல்லவேளை, சட்டைப் பொத்தான் கணக்குப்படியே இறுகியது. வெயிலில் போட்டேன், வியர்வையில் போட்டேன், பச்சைத் தண்ணீரில் போட்டேன், அசையவில்லை. முதலாளி தானும் ஒரு சட்டை போட்டுக்கொண்டு மிச்சத்தை விற்றார். நான் நிம்மதியாகச் சோறு தின்றது அந்த ஒரு வாரம்தான்.

அப்புறம் சலவைக்காரர் முனியாண்டி மூட்டையோடு வந்து நின்றார். மதுரையில் சட்டை உவர்மண்ணில் முங்கி, வெள்ளாவிப் பானையில் ஆவியில் வேகும் என்பது எனக்குத் தெரியாததா? சட்டையோடு பொத்தானும் சேர்ந்து வேகுமே, அதுதான் என் கணக்கில் வரவில்லை. மூட்டையை அவிழ்த்தார். ஐயையோ! அத்தனை பொத்தானும் உப்பி, துளை அடைத்து, சொதசொதவென்று கிடக்கிறது. "சாமி, எம்புட்டோ சட்டை வெளுத்துருக்கேன், சட்டையில பணியாரம் வெந்து இப்பத்தான் பாக்குறேன்."

பூட்டு

மறுநாள் காலையில் முதலாளி பெரிய பூட்டோடு வந்தார். வெந்நீர் தாங்குகிற பொத்தானுக்கு வழி பார்க்கிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். அவர் பூட்டாலேயே வாசலைக் காட்டினார். சுருளியும் நானும் வெளியே வந்தோம்.

அப்போதுதான் கவனித்தேன். அவர் போட்டிருந்ததும் நம்ம பொத்தான் சட்டைதான், வெள்ளாவிக்குப் போய்வந்தது. ஒரு பொத்தானும் காஜாவில் ஏறாததால் இடது கையால் சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். கதவை இழுத்து நாதாங்கியில் பூட்டை மாட்ட இரண்டு கை வேண்டுமே! தெருவே வேடிக்கை பார்க்கிறது. பூட்டை என்னிடம் நீட்டினார். "தம்பி, சட்டைய விட முடியல. நீயே பூட்டிரு."

அந்தக் கொட்டகையில் என் கையால் ஒழுங்காக மாட்டியது அந்தப் பூட்டு ஒன்றுதான்.