இறக்கைக்கு அடியில் ஒரு பொட்டு

வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கிரவுண்டில் ஒருநாள் பிளேன் வந்து இறங்கியது என்று சொன்னால், ஹட்டனில் என்னோடு வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். "ஏன், கொழுந்து ஏத்திட்டுப் போகவா வந்துச்சு?" என்று கேட்பார்கள். நானும் சிரித்துவிடுவேன். மீதிக் கதையைச் சொன்னால் சிரிப்பு நின்றுவிடும் என்பதால் பெரும்பாலும் அதோடு விட்டுவிடுவேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்து லயத்து வரிசை வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானமே மலையைப் பனி மூடிக்கொண்டு வந்தது. அந்தப் பனிக்குள் எங்கோ புல்லு வெட்டும் மெஷின் ஓடுவது போல ஒரு சத்தம். ஆகாயத்தில் யார் புல்லு வெட்டுகிறார்கள் என்று நான் அண்ணாந்து பார்த்தபோது, வெள்ளையாக ஒன்று எங்கள் தகரக் கூரையைத் தொடாத குறையாகத் தாண்டிப் போனது. அது ஒரு வட்டம் போட்டுத் திரும்பி வருவதற்குள் நான் மேடேறிக் கிரவுண்டுக்கு ஓடிவிட்டேன். பந்து விளையாடிக்கொண்டிருந்த பெரிய பையன்கள் நாலா பக்கமும் சிதறினார்கள். அது புல்லில் ஒரு குதி குதித்து, ஓடி, கோல் போஸ்ட்டுக்குப் பக்கத்தில் நின்றது. மேல் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மா, கூடையைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு ஓடி வந்தாள். கூடையை அவள் அப்படிப் போட்டு நான் பார்த்ததே இல்லை.

உள்ளேயிருந்து இறங்கினவருக்கு ஐம்பது வயதிருக்கும். கொழும்புக்காரர். இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்க யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?" என்பதுதான். "மேலேருந்து விழுந்தவரு கீழ நின்னவங்கள நலம் விசாரிச்சாரு" என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள்.

உண்மையில் அவர் விழவில்லை. மெஷினிலும் ஒரு கோளாறும் இல்லை. முன்னால் மலைச்சந்து பனியில் அடைபடுவதைப் பார்த்ததும், தரை கண்ணுக்குத் தெரியும்போதே இறங்கிவிடலாம் என்று இறங்கியிருக்கிறார். எங்கள் ஆட்களுக்கு இதுதான் செரிக்கவில்லை. பிளேன் பழுதாகியிருந்தால் மன்னித்திருப்பார்கள். மாமா, அம்மாவின் தம்பி, ஓட்டோ ஓட்டுகிறவர், வந்தவரின் காதில் விழும்படியே சொன்னார்.

"எதுர்ல வர்ற பஸ்ஸே தெரியாத பனியில நான் ஆள் ஏத்திக்கிட்டு நானுஓயாவுக்கு ஹயர் போறேன். இவ்வளவு பெரிய மெஷின வச்சிக்கிட்டு இவரு பயந்து எறங்கிட்டாரு."

அவருக்குக் கோபம் வரவில்லை. "தம்பி, நீங்க பனி வந்தா ஓரமா நிப்பாட்டலாம். மேல ஓரம் இல்லையே" என்றார்.

மாமாவுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. பிளேனுக்குக் காவல் இருக்கும் வேலையும் மாமாவுக்கே கிடைத்தது. பொலிசார் வந்து எழுதிக்கொண்டு போனார்கள், கொழும்பிலிருந்து அனுமதி வரவேண்டும், வானமும் திறக்கவேண்டும். அதுவரை அவர் தோட்டத்தை நிர்வகிக்கும் தொரையின் பங்களாவில் தங்கினார். போகும்போது மாமாவிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "புள்ளைங்களுக்குத் தொட ஆசையாத்தான் இருக்கும். யாரும் தொடாமப் பாருங்க. அப்படியும் தொட்டுட்டா, எங்க தொட்டாங்கன்னு என்கிட்ட சொல்லிடுங்க. அது போதும்."

மாமா இரண்டு நாள் ஈயைக்கூட அண்டவிடவில்லை. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, அவருக்கே மனசு பொறுக்கவில்லை. அவருடைய ஓட்டோ எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் ஸ்டாண்டுக்கே போனதில்லை. ரோட்டில் போகிற வண்டிக்கே அவ்வளவு காவல் என்றால், பிடிமானம் இல்லாத இடத்தில் போகிற வண்டி ஒரு பொட்டுக்கூட இல்லாமல் நிற்கிறதே என்று புலம்பினார். ஏற்கனவே ஒரு தடவை வழியில் இறங்கின வண்டி வேறு.

"சொந்த பிளேன் வாங்கத் தெரிஞ்ச மனுசனுக்கு ஒரு சூடம் வாங்கத் தெரியல பாரு" என்று அம்மாவிடம் சொன்னார்.

"அவரு தொடாதன்னு சொல்லியிருக்காருல்ல?"

"கெட்டது செய்யவா தொடுறேன்?"

அம்மா கூடையை எடுத்து மாட்டிக்கொண்டாள். அவள் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனதும் மாமா என்னைக் கூட்டிக்கொண்டு கிரவுண்டுக்குப் போனார். புது வண்டிக்குப் பெண்பிள்ளை கையால்தான் பொட்டு வைக்கவேண்டும் என்பது மாமாவின் கட்சி. பெட்ரோல் பக்கத்தில் சூடம் கொளுத்தக்கூடாது என்கிற அறிவு அவருக்கு இருந்தது. அதனால் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் போய்க் கொளுத்தி, அங்கிருந்தே பிளேனைப் பார்த்து மூன்று சுற்றுச் சுற்றினார். மூன்று சக்கரத்துக்கும் மூன்று எலுமிச்சம்பழம். நான் மஞ்சளும் சந்தனமும் குழைத்த கிண்ணத்தோடு, மூக்குக்கும் சக்கரங்களுக்கும் எட்டுகிற இடமெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டே போனேன்.

இறக்கைக்கு அடியில் ஒரு சின்னக் குழாய் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குச் சிவப்புத் துணியில் ஒரு உறை மாட்டி, வால் தொங்கவிட்டிருந்தார்கள். ஏதோ நேர்த்திக்குக் கட்டிய துணி என்று நினைத்தேன். உறையை மெல்லக் கழற்றினேன். குழாயின் நுனியில் ஒரு துவாரம். என் சுண்டுவிரல் நுனி மட்டும் நுழைகிற அளவு. மூக்குத்தி இல்லாத மூக்கு மாதிரி வெறுமையாக இருந்தது. அதை அப்படியே விட எனக்கு மனசு வரவில்லை. நிறைய சந்தனம் எடுத்து, நன்றாக அழுத்தி, நிரப்பினேன். பிறகு உறையைப் பழையபடி மாட்டிவிட்டேன்.

அந்த நேரத்தில் பங்களா ஜீப்பின் சத்தம் கேட்டது. மாமா பதறிப்போய்த் தலைத்துண்டை உருவி, பொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தார். பழங்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஆசை ஆசையாய் நான் வைத்ததெல்லாம் போயிற்று. அந்த ஒன்றைத் தவிர. அதை மாமாவிடம் சொன்னால் அதையும் துடைத்துவிடுவார் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை வானம் கழுவி விட்டது போல இருந்தது. அனுமதியும் வந்துவிட்டது. லயமே கிரவுண்டில் திரண்டு நின்றது. கொழும்புக்காரர் மைதானத்தைக் காலடியால் அளந்து, ஓரிடத்தில் வெள்ளை உரப்பை ஒன்றை விரித்து வைத்தார். அந்தப் பைக்கு வருவதற்குள் வேகம் இவ்வளவு வரவேண்டும், வராவிட்டால் நிறுத்திவிடுவாராம். கிரவுண்டு முடிகிற இடத்தில் பள்ளம். பள்ளத்தில் எங்கள் லயம்.

"யாரும் தொட்டாங்களா தம்பி?"

"ஒரு ஈ எறும்பு அண்டல சேர்." மாமாவின் சட்டைப்பை எலுமிச்சம்பழத்தில் இன்னும் புடைத்துக்கொண்டிருந்தது.

அவர் ஒரு தாளை எடுத்து, ஒரு வரியில் விரல் வைப்பதும் பிளேனில் ஓரிடத்தைத் தொடுவதுமாகச் சுற்ற ஆரம்பித்தார். "சாமி சுத்துறாருடா" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. பாதியில் மாமா, "சேர், பெட்ரோல் எவ்வளவு புடிக்கும்?" என்று கேட்டார். அவர் பதில் சொன்னார். சொல்லிவிட்டுத் தாளின் முதல் வரிக்கே திரும்பிப்போய் மறுபடியும் தொடங்கினார். "மறுபடி பனி எறங்கிரும்" என்று தொரை கைக்கடிகாரத்தைக் காட்டினார். அவர் தலையசைத்தார், வேகத்தைக் கூட்டவில்லை.

சிவப்பு உறையைக் கழற்றினார். உறை இருந்தது, தாளில் ஒரு வரி முடிந்தது, அதோடு போயிருக்கலாம். அவர் குனிந்து துவாரத்துக்குள் பார்த்தார்.

பார்த்தவர் நிமிரவில்லை. பிறகு மெதுவாக ஈரப்புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தின் சிரிப்பு நின்றது. தூரத்தில் வட்டகொடை ரயில் ஊதியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"காத்து இதுக்குள்ள போனாத்தான் நான் எவ்வளவு வேகத்துல போறேன்னு முள்ளு காட்டும்" என்றார், யாரையும் பார்க்காமல். "முள்ளு அசையாட்டி நிப்பாட்டிருவேன். ஆனா இந்த ஈரத்துல நிக்குமா..." கிரவுண்டின் கோடியைப் பார்த்தார். அங்கே எங்கள் கூரையின் புகை மேலே வந்துகொண்டிருந்தது. அம்மா என் தோளைப் பிடித்தாள். அவள் நகம் பதிந்தது.

மாமா துவாரத்தின் மஞ்சள் நிறத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் பொட்டு கடைசியில் எல்லார் கண்ணிலும் பட்டுவிட்ட சந்தோஷத்தில் நான் வாயெல்லாம் சிரிப்பாக நின்றேன்.

"நான்தான் சேர் வச்சேன்" என்றார் மாமா. "நல்லதுன்னு நெனச்சி..."

"வச்சதுக்கு எனக்குக் கோபமில்ல தம்பி. அண்டலன்னு சொன்னீங்களே."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கோ ஆத்திரம் பொங்கியது. நான் வைத்த பொட்டு, பெயர் மாமாவுக்கா? "நான்..." என்று வாயெடுத்தேன். அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது.

அன்றைக்கு அவர் பறக்கவில்லை. குழாயைக் கழற்றிக் கழுவி, உலர்த்தி, கிரவுண்டில் பாதி தூரம் ஓட்டி, முள் ஏறுகிறதா என்று இரண்டு தடவை பார்த்தார். அதற்குள் பனி இறங்கிவிட்டது. அடுத்த நாள் விடிந்ததும் தாளை மறுபடி முதல் வரியிலிருந்து படித்துவிட்டு ஏறினார். உரப்பைக்கு வருமுன்பே பிளேன் தரையை விட்டது. எங்கள் கூரைக்கு மேலே நிறைய இடம் விட்டுப் போனது.

ஏறுவதற்கு முன்னால் மாமாவிடம் வந்து கை கொடுத்தார். கொடுத்த கையை உடனே விடவில்லை. கிளட்ச் பிடித்துக் காய்த்த மாமாவின் தடித்த விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இறக்கைக்கு அடியில் இருந்த அந்தக் குழாயைப் பார்த்தார். பிறகு குனிந்து என் கையை எடுத்தார். சுண்டுவிரல் நகத்துக்குள் மஞ்சள் இன்னும் போகவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, கையை மூடி, ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

கைக்குள் ஏதோ வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். பிளேன் மறையும் வரை காத்திருந்து திறந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. என் பொட்டைத் தன்னுடையது என்று சொன்ன மாமாவோடு ஒரு வாரம் நான் பேசவில்லை.