மனிதர் என்று உறுதி செய்ய முடியவில்லை

அலுவலகத்தில் அவருக்கு 'ஒட்டு' என்று பெயர். நிறுவனத்தின் சேவையைப் பயன்படுத்தி நிரல் எழுதும் வெளியாட்களுக்காக டெவலப்பர் போர்ட்டல் என்ற இணையதளம் ஒன்றை விலைக்கு வாங்கிப் போட்டிருந்தார்கள். அதில் இல்லாத வசதி எதுவானாலும் இவர்தான் ஸ்கிரிப்ட் என்று சின்னதாக ஒரு துண்டு நிரல் எழுதிப் பக்கத்தில் ஒட்டிவைப்பார். கேலிப்பெயர்தான். ஆனால் இவர் விடுப்பு எடுத்தால் கேலி செய்தவர்களே கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள்.

மனைவி இவரைவிடக் கெட்டிக்கார நிரலாளராக இருந்தவள். பக்கவாதம் வந்து பேச்சும் வலது கையும் போய்விட்டன. இடது கையின் ஒற்றை விரலால் திரையில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டித்தான் இப்போது பேச்சு. ஆரம்பத்தில் பாதி வார்த்தையிலேயே மீதியை ஊகித்து முந்திரிக்கொட்டை மாதிரி சொல்லிவிடுவார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். போகப்போக வாயை மூடிக்கொண்டு காத்திருக்கப் பழகினார்.

ஒரு சமயம் கள்ள நிரல்கள் மனிதர் போல நடித்துக் கணக்குத் தொடங்கிச் சேவையையே முடக்கிவிட்டன. மேலாளர் நெருக்கவே, இவர் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி எல்லாப் பக்கங்களிலும் சேர்த்தார். மனிதர் தட்டினால் விரல் ஓடும், தடுமாறும், நிற்கும். கள்ள நிரல் தட்டினால் எழுத்துகள் ஒரே சீராக விழும். அப்படி விழுந்தால் கதவைச் சாத்திவிடு, அவ்வளவுதான் விஷயம். எது மனிதர் தட்டுவது என்று அளவு வைக்கத் தன் பிரிவில் இருந்தவர்களைத் தட்டச் சொன்னார். எல்லாரும் விசைப்பலகையிலேயே குடியிருக்கும் சூரர்கள். கள்ள நிரல்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடின, மேலாளரும் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பிறகு ஒரு மதியம் மின்னஞ்சல் வந்தது. "எனக்குக் கைகள் இயங்காது. வாயில் குச்சியைக் கவ்வித் தட்டுகிறேன். உங்கள் பக்கம் ஒவ்வொரு முறையும் என்னை வெளியே தள்ளுகிறது. இன்றைக்குள் முடிக்காவிட்டால் இந்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்."

மேலாளரிடம் காட்டினார்.

"அண்ணே, ஆயிரத்துல ஒருத்தர். அவருக்காகத் திறந்துவிட்டா பழையபடி எல்லாம் உள்ள பூந்துரும். அப்புறம் நம்ம தலைதான் உருளும்."

"அவருக்கு வேலை போயிடுமே?"

"நாளைக்குப் பாத்துக்கலாம், விடுங்க."

விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். அவருக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது.

முகத்தைப் பார்த்ததுமே மனைவி 'என்ன' என்று தட்டினாள். சொன்னார். அவள் அவருடைய மடிக்கணினியைக் காட்டிக் கையை நீட்டினாள்.

"வேண்டாம்மா."

அவள் விடவில்லை. கணக்குத் தொடங்கும் பக்கத்தில் தன் பெயரைத் தட்ட ஆரம்பித்தாள். ஒவ்வோர் எழுத்தும் ஒரே சீரான நிதானத்தில் வந்தது. பெயர் முடிவதற்குள் தட்டிய பெட்டி மறைந்து ஒரு வரி வந்தது. 'நீங்கள் மனிதர் என்று எங்களால் உறுதி செய்ய முடியவில்லை.' அந்த வாக்கியமும் இவர் எழுதியதுதான். மரியாதையாக இருக்கட்டும் என்று யோசித்து எழுதியது.

அவர் மடிக்கணினியை வாங்கி எல்லாப் பக்கங்களிலிருந்தும் அந்த ஸ்கிரிப்ட்டை எடுத்தார். மேலாளரைப் போனில் கூப்பிட்டார்.

"எடுத்துட்டேன்பா. வேற வழி கண்டுபிடிக்கிற வரைக்கும் நானே உக்காந்து காவல் காக்கறேன். என்ன வந்தாலும் என் பேர்ல போடு."

"யாரைக் கேட்டுண்ணே எடுத்தீங்க?"

போனை வைத்துவிட்டு, மின்னஞ்சல் அனுப்பியவருக்கு எழுதினார். கொஞ்ச நேரத்தில் 'உள்ளே வந்துவிட்டேன்' என்று பதில் வந்தது. படித்ததும் மூச்சு வந்தது. அதை மனைவிக்குத் திருப்பிக் காட்டினார். அவள் தலையசைத்துவிட்டுத் தன் திரையை இழுத்துக்கொண்டாள்.

அவர் ஊகிக்காமல் காத்திருந்தார்.

'அளவு வைக்கும்போது என்னை நினைக்கலையா?'

சமாளிக்க நாக்கு நுனியில் ஒரு பொய் வந்து நின்றது. அதை விழுங்கினார்.

"இல்லம்மா. நினைக்கவே இல்ல."

அவள் விரல் எழுத்துகளுக்கு மேலே நின்றது. பிறகு அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.