தாராவிச் சந்தில் இறங்கிய தாயி

ஷாலினி துணிக்கடையில் பில் போடுகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் புரோக்ரெசிவ் மெட்டல் என்கிற ராக் இசைக்குழு ஒன்றின் பாடகி. அடித்தொண்டையில் உறுமுவது அவள் பங்கு. கிதாருக்கு ஒரு ஃபின்லாந்துக்காரன், டிரம்ஸுக்கு ஒரு சிலி நாட்டுக்காரி. யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. அவரவர் வீட்டில் பதிவுசெய்து அனுப்பிச் சேர்த்த முதல் ஆல்பத்தில் இவள் பாட்டு ஒன்றுதான் பாக்கி. இன்று சாயங்காலத்துக்குள் அது போகாவிட்டால் வேறொருத்தி பாடிவிடுவாள்.

தாராவிச் சந்தில் அமைதிக்கு எங்கே போவது? சுவருக்கு அந்தப்பக்கம் பை தைக்கும் மெஷின்கள் இரைந்தன. இரைச்சலை மீறிவிடலாமென்று ஓர் உறுமல் உறுமினாள் பாருங்கள், டிராம்பே பக்கம் போன கப்பலொன்று பதிலுக்கு ஊதியதாம்!

கதவு திறந்தது. அந்த மெஷின்களில் பை தைக்கிற பக்கத்துவீட்டுப் பானுமதி மதினி வேப்பிலையோடு நின்றாள். பின்னால் சந்தே திரண்டிருந்தது.

“தாயி, வந்திருக்கது யாரு? என்ன கொறை வச்சோம்?”

“இல்ல மதினி, நான்…” என்று தொடங்கிய ஷாலினி சட்டென்று நிறுத்தினாள். கண்ணை உருட்டினாள்.

“சத்தம்! ஒரே சத்தம்! பொழுது சாயுற வரைக்கும் ஒரு மெஷினும் ஓடப்பிடாது!”

“உத்தரவு தாயி!”

மெஷின்கள் நின்றன. மிக்சிகள் வாயை மூடின. காக்கைகள்கூடச் சைகையில் பேசிக்கொண்டன. பாட்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆல்பம் வெளியான அன்று, மனசு உறுத்த, ஷாலினி மதினியின் காதில் இயர்போனைச் செருகினாள். மதினி அந்தப் பாட்டை முழுக்கக் கேட்டாள். முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை.

“ஏட்டி, தாயி அடுத்த ஆல்பம் எப்பம் போடுதா? முன்னாலயே சொல்லிரு. அன்னைக்கு நாங்க பை ஆர்டர் எடுக்க மாட்டோம்.”