வலப்பக்கக் கண்ணாடியில் மலை

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவள். பேய், சகுனம், அருள் என்று யாராவது பேச்செடுத்தால் காபி போடும் சாக்கில் எழுந்து போய்விடுவேன். எங்கள் திருவண்ணாமலையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி யாராவது மலை சுற்றப் போய் எதையாவது பார்த்துவிட்டு வருவார்கள், ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுதான் என் கட்சி. இப்படிப்பட்ட நான் இதைச் சொன்னால் நீங்கள் சிரிக்கத்தான் செய்வீர்கள், சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

என் வீட்டுக்காரர் பேர் ஏழுமலை. கீழ்பென்னாத்தூர் ஸ்டாண்டில் சொந்த வேன் வைத்து ஓட்டுகிறார். கல்யாணம், காதுகுத்து என்று ஊரில் பாதிப் பேர் அந்த வண்டியில் ஏறி இறங்கியாயிற்று, கட்டின பெண்டாட்டியை மட்டும் எங்கேயும் கூட்டிப் போனதில்லை. ஊட்டி என்றால் அவருக்கு முதுகு வலிக்கும், கன்னியாகுமரி என்றால் வண்டியில் ஏதோ சத்தம் வரும்.

எங்கள் மகள் ரேவதி ஆஸ்திரேலியாவில் பெர்த் என்ற ஊரில் வேலை பார்க்கிறாள். அடுத்த கோடை லீவுக்கு எங்களை வரச் சொன்னாள். படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் உள்ளேயே இருக்கிற வேன் வாடகைக்குக் கிடைக்கிறதாம், அதில் பல நாள் பயணமாக அடிலெய்டு வரை போகலாமாம். அவளுக்குப் பெரிய வண்டி ஓட்டப் பயம், அப்பாதான் ஓட்ட வேண்டும். அவரும் மீசையை முறுக்கிக்கொண்டு சரி என்றார். நான் அன்றைக்கே புளிக்காய்ச்சல் எவ்வளவு கொண்டு போவது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

எல்லாம் ரேவதி அந்தப் பாதையை வீடியோவில் காட்டும்வரைதான். ஒரு வளைவு இல்லை, ஒரு மரம் இல்லை, தட்டைத் தரையில் நேராக ஒரு ரோடு, அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் என்னம்மா தெரியும் என்று இவர் கேட்டார். ஒன்றும் தெரியாது, அதுதான் அழகே என்றாள் அவள். அன்றிலிருந்து இவருக்கு முதுகு வலி வந்துவிட்டது. எனக்குக் கோபமான கோபம், ரெண்டு நாள் ரசத்தில் உப்பே போடவில்லை. மூன்றாம் நாள் உண்மையைக் கக்கினார்.

"அங்க மலை இல்லியே."

"மலை எதுக்குங்க?"

"மலை முன்னால தெரிஞ்சா வீட்டுக்கு வரேன், கண்ணாடியில தெரிஞ்சா வெளிய போறேன். எனக்கு வேற வழி எதுவும் தெரியாது."

நம்பினால் நம்புங்கள், அப்போதுதான் எனக்கு விளங்கியது. மலை கண்ணுக்கு மறைகிற இடத்தைத் தாண்டி இந்த மனுஷன் வண்டி ஓட்டியதே இல்லை. தூரத்துச் சவாரிக்கெல்லாம் வேறு டிரைவரைப் போட்டு அனுப்பியிருக்கிறார். உங்க பேர்லயே ஏழு மலை இருக்கே, பத்தாதா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் அப்புறம் அழுகைதான் வந்தது.

அந்தச் சனிக்கிழமை ரேவதி வேன் வாடகைக்கு விடுகிற இடத்திலிருந்து வீடியோ காலில் வந்தாள். அன்றைக்குள் முடிவு சொல்லாவிட்டால் வண்டி வேறு ஆளுக்குப் போய்விடும். நான் அடுப்பையும் மடக்கு மேசையையும் பார்த்துப் பெருமூச்சு விட்டேன், இவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இறங்கி டிரைவர் சீட்டைக் காட்ட வந்தபோது போன் வலப்பக்கக் கண்ணாடியைக் கடந்தது.

"நிறுத்து. அந்தக் கண்ணாடிய காட்டு" என்றார் இவர்.

கண்ணாடியில் எங்கள் மலை.

போனைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் பார்த்தேன். மலை போகவில்லை. பின்னால் சுவர்தான் இருக்கிறது என்று ரேவதி போனைத் திருப்பிக் காட்டினாள், வெள்ளைச் சுவர். மறுபடி கண்ணாடிக்கு வந்தாள், மலை. வேங்கிக்காலில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற அதே தோற்றம், பக்கத்து வீட்டு வசந்தியின் தண்ணீர்த் தொட்டியும் கொடியில் அவளுடைய பச்சைப் போர்வையும் உட்பட. எங்கள் ஹாலிலிருந்து மலை தெரியவே தெரியாது. மூச்சிரைக்க மாடிக்கு ஓடினேன், போர்வை காய்ந்துகொண்டிருந்தது. இறங்கி வந்து பார்த்தால், கண்ணாடிக்குள் ஒரு கை நீண்டு அந்தப் போர்வையை உருவியது. சாயங்காலம் வசந்தியிடம் சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். ஆமா டீச்சர், தூறல் விழுந்துச்சு, பதினோரு மணிவாக்குல எடுத்தேன் என்றாள். நாங்கள் பார்த்ததும் அதே நேரம்தான்.

இவருக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை. ரேவதியிடம் புக் பண்ணிடு என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கண்ணாடியிலதான தெரியுது. அப்ப சரியாதான் போறோம்."

அவ்வளவுதான், முதுகு வலி பறந்துவிட்டது. டிக்கெட் போட்டாயிற்று. பக்கத்து சீட்டு எனக்கு என்று அவரே சொன்னார், அதைக் கேட்க எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். வீடியோ காலில் ஏதோ கோளாறு என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் ஒன்று. கண்ணாடியில் இடது வலதாகத் தெரியும், வலது இடதாகத் தெரியும், வருஷா வருஷம் நான்தான் பலகையில் படம் போட்டு நடத்துகிறேன். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் வசந்தியின் தொட்டி மலைக்கு இடப்பக்கம். அந்தக் கண்ணாடியிலும் அது இடப்பக்கமே இருந்தது.

இந்த வருஷம் அந்தப் பாடத்தைப் பக்கத்து வகுப்பு டீச்சரை நடத்தச் சொல்லிவிட்டேன்.